செவியில் பஞ்சு

கடைத்தெருவிலோ பேருந்து நிலையத்திலோ ஒரு மனிதர் நின்று இறைவனைப் பற்றி உரத்த குரலில் பேசுகிறார். அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். அவரைக் காணும் நம்மவர் என்ன செய்கின்றனர்? சிலர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விரைகின்றனர். சிலர் ஏளனமாகச் சிரிக்கின்றனர். சிலர் அவர் நீட்டும் கைப்பிரதியை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே கிழித்தெறிகின்றனர். இக்காலத்து இளைஞர்களோ கைபேசியை உயர்த்தி அவரைப் படம் பிடித்து, நாலு பேர் பார்த்து நகைக்க ஊரெங்கும் அனுப்புகின்றனர். இவற்றுள் எது இஸ்லாம் நமக்குக் கற்பித்த பண்பு? இவ்வினாவை எழுப்பினால் சிலருக்குச் சினம் வரும் என்பதை நாம் அறிவோம். வரட்டும். சினம் தணிந்தபின் சிந்திப்பார்கள் என்னும் நம்பிக்கையில் எழுதுகிறோம்.

நாம் கண்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், வெளியூர் செல்வதற்காக ஒரு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கிறிஸ்தவப் பெரியவர், வெள்ளை வேட்டி சட்டையும் தோளில் ஒரு துணிப்பையுமாக நின்று பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி இல்லை; உடன் ஆள் இல்லை; தம் தொண்டை ஒன்றே துணை. மனந்திரும்புதல் பற்றியும் மரணத்துக்குப் பின் வரும் தீர்ப்பைப் பற்றியும் பேசினார். இடையிடையே கைப்பிரதிகளை நீட்டினார். வாங்குவோர் வாங்கினர், மறுப்போர் மறுத்தனர்.

மூன்று இளைஞர்கள் வந்தனர். ஒருவன் தலையில் தொப்பி இருந்தது. அவனை நமக்கு நன்கு தெரியும்; சிறுவனாக நம்மிடம் அலிஃப், பா ஓதியவன். அவன் கையை நீட்டிப் பிரதியை வாங்கினான். இரண்டாக, நான்காகக் கிழித்துத் தரையில் போட்டுக் காலால் தேய்த்தான். அடுத்தவன் அதைக் கைபேசியில் பதிவு செய்தான். மூவரும் சிரித்தனர். சுற்றி நின்றவர்களிலும் சிலர் சிரித்தனர். அப்பெரியவர் ஒன்றும் கூறவில்லை. குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, ஒட்டியிருந்த மண்ணை வேட்டித் தலைப்பால் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு துண்டு நம் காலடியில் கிடந்தது. அதில் மர்யம் (அலை) அவர்களின் பெயர், அவர்கள் எழுதும் வழக்கப்படி, பாதியாய் நின்றது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பேருந்து வந்துவிட்டது. நாம் ஏறிவிட்டோம்.

நாம் ஏறிவிட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கிழித்தவன் செய்த தவறு ஒரு நொடியில் முடிந்தது. ஓதிக் கொடுத்தவர் கண்டும் காணாததுபோல் சென்ற தவறோ ஊர் போய்ச் சேரும்வரை உடன் வந்தது.

மறுவாரம் அவ்விளைஞனைப் பள்ளிவாசலில் கண்டு, தனியே அழைத்து, "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டோம். "ஹஸ்ரத், அவர் நம்ம தீனுக்கு எதிரா பேசுறாரு" என்றான். "என்ன பேசினார்?" என்றோம். சற்று நேரம் விழித்தான். "அதெல்லாம் நான் கேக்கல ஹஸ்ரத்" என்றான். பின்னர் குரலைத் தாழ்த்தி, "நீங்களும் அங்கதானே நின்னீங்க? அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அந்த மறுமொழியைத்தான் இக்கட்டுரையாக எழுதுகிறோம்.

முதலில் அக்காகிதத்தைப் பற்றி ஒரு சொல். வீதியில் அரபு எழுத்துள்ள ஒரு துண்டுக் காகிதம் கிடந்தால், நம் பாட்டிமார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சுவர் மாடத்தில் வைப்பார்கள். அதில் எழுதியிருப்பது இறைவசனமா, மளிகைக்கடைக் கணக்கா என்று அவர்களுக்குத் தெரியாது. இறைவன் பெயர் இருந்துவிட்டால் என் செய்வது என்னும் அச்சமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது. அந்தப் பாட்டிமாரின் பேரன், ஈஸா (அலை) அவர்களின் பெயரும் மர்யம் (அலை) அவர்களின் பெயரும் எழுதப்பட்ட காகிதத்தைக் காலால் தேய்க்கிறான்! ஈஸா நபியை ஏற்காதவன் முஸ்லிம் ஆவானா? அன்னை மர்யமின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே கொண்டதன்றோ நம் திருமறை? அக்காகிதத்தில் நமக்கு உடன்பாடில்லாத கொள்கை இருந்திருக்கலாம். இருந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். கொள்கையை மறுப்பதற்கு நாவு இருக்கிறது. பெயரை மிதிப்பதற்குக் கால் எதற்கு?

தெருவில் நின்றவர் யார்?

தெருவில் நின்று பேசுகிறவனைக் கண்டால் நகைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நம் வரலாறு தெருவில் தொடங்கியது. மக்கத்து ஸஃபாக் குன்றின் மீது ஏறி நின்று மக்களைக் கூவி அழைத்தவர் யார்? உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகிய சந்தைகளில், கூடாரம் கூடாரமாகச் சென்று, கேட்போரிடமும் கேளாதோரிடமும் ஓரிறைக் கொள்கையை எடுத்துரைத்தவர் யார்? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அல்லரோ? அவர்களின் பின்னாலேயே ஒருவன் நடந்து சென்று, "இவர் சொல்வதை நம்பாதீர்கள்" எனக் கூவியதையும், அவன் அவர்களின் சொந்தச் சிறிய தந்தையான அபூலஹப் என்பதையும், அக்காட்சியை இளமையில் கண்ட ரபீஆ இப்னு அப்பாத் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் அறிவித்துள்ளார்கள்.

தெருவில் உரைக்கப்படும் இறைச்செய்தியை எதிர்கொள்ளும் விதங்களைத் திருமறையே பட்டியலிட்டுக் காட்டுகிறது. நூஹ் நபியின் மக்கள் காதில் விரலைத் திணித்துக்கொண்டு ஆடையால் தம்மை மூடிக்கொண்டனர் என்கிறது எழுபத்தோராம் அத்தியாயம். குர்ஆன் ஓதப்படும்போது செவிசாய்க்காதீர்கள், கூச்சலிட்டுக் குழப்புங்கள் என மக்கத்து மறுப்பாளர் தம் கூட்டத்தாருக்குச் சொல்லிக் கொடுத்ததை நாற்பத்தோராம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஏளனம் செய்தோர், கண்ணால் சாடை காட்டிச் சிரித்தோர் ஆகியோரையும் அது விட்டுவைக்கவில்லை. காது பொத்துதல், கூச்சலிடுதல், சாடை காட்டிச் சிரித்தல் ஆகிய இம்மூன்றும் யாருடைய பழக்கங்களாக அங்கே கூறப்படுகின்றன? இன்று பேருந்து நிலையத்தில் அவற்றைக் கையாள்வோர் யார்? இதைக் கூற நம் நா கூசுகிறது. ஆயினும் கூறாதிருக்க இயலவில்லை.

இதற்கு மாறாக ஒருவரை நினைவுகூர்வோம். தௌஸ் குலத் தலைவரும் கவிஞருமான துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் மக்காவுக்கு வந்தபோது, குறைஷியர் அவரைச் சூழ்ந்துகொண்டு, முஹம்மதின் பேச்சைக் கேட்டுவிடாதீர், கேட்டால் மயங்கிவிடுவீர் என்று அச்சுறுத்தினர். அவரும் நம்பினார். கஅபாவுக்குச் செல்லும்போது செவியில் பஞ்சை அடைத்துக்கொண்டே சென்றார். அங்கே நபி (ஸல்) அவர்கள் நின்று தொழுதுகொண்டிருந்தார்கள். பஞ்சையும் மீறிச் சில சொற்கள் அவர் செவியில் விழுந்தன. அப்போது அவர் தம்மையே நொந்துகொண்டார். நாமோ அறிவுள்ளவர், கவிஞர், நல்லது கெட்டதைப் பிரித்தறிய வல்லவர்; இம்மனிதர் சொல்வதைக் கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்? நல்லதாயின் ஏற்போம், அல்லதாயின் விடுவோம் என்று எண்ணினார். பெருமானாரின் வீடுவரை பின்தொடர்ந்து சென்றார், கேட்டார், இஸ்லாத்தைத் தழுவினார். அவர் மூலம் அவர் குலத்தவரும் இம்மார்க்கத்தில் இணைந்தனர். நபிமொழிகளை மிகுதியாக அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்த தௌஸ் குலத்தவரே.

அப்பஞ்சு அவர் செவியிலேயே தங்கியிருப்பின் என்ன ஆகியிருக்கும்? பஞ்சை எடுத்தெறிந்தவரின் சிறப்பைப் பயான்களில் பாடிப் புகழும் நாம், நம் பிள்ளைகளின் செவியில் பஞ்சை அடைத்து அனுப்புகிறோம்.

"அவர் கேட்டது சத்தியத்தை, நாம் கேட்கப் போவது அசத்தியத்தையன்றோ?" என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. அதற்கும் நபி வாழ்விலேயே விடை இருக்கிறது. குறைஷித் தலைவன் உத்பா இப்னு ரபீஆ, அண்ணலாரிடம் வந்து, பொருள் வேண்டுமா, தலைமை வேண்டுமா, நோயாயின் மருத்துவம் வேண்டுமா என்று அடுக்கடுக்காகப் பேசினான். அவன் பேசியது அசத்தியம் மட்டுமன்று, அவமதிப்பும்கூட. பெருமானார் இடைமறிக்கவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை கேட்டிருந்தார்கள். முடித்துவிட்டாயா என்று அவனை மரியாதைக்குரிய புனைபெயரால் விளித்துக் கேட்டறிந்த பின்னரே, திருமறையின் வசனங்களை ஓதிக் காட்டினார்கள். பொய்யைக் கேட்பதால் மெய் தேய்ந்துவிடும் என அவர்கள் அஞ்சவில்லை. நாம் அஞ்சுகிறோம் எனின், நம் கையில் உள்ள மெய்யின் மீது நமக்கே ஐயம் என்பதன்றி வேறென்ன பொருள்?

கூறப்படும் நியாயங்கள்

இனி, கிழிப்பவர்களுக்கும் கூச்சலிடுபவர்களுக்கும் ஆதரவாகக் கூறப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: "அவர்கள் நம் மார்க்கத்தை இழிவாகப் பேசுகிறார்களே, கேட்டுக்கொண்டு நிற்பதா?" அப்படிப் பேசுவோர் சிலர் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், இறைவசனங்கள் மறுக்கப்பட்டு ஏளனம் செய்யப்படுவதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் எனத் திருமறை தெளிவாகவே கூறியிருக்கிறது. அவர்கள் வேறு பேச்சில் இறங்கும்வரை அவர்களுடன் அமராதீர்கள் என்பதே நான்காம் அத்தியாயம் 140-ஆம் வசனத்தின் கட்டளை. எழுந்து செல் என்கிறது. எழுந்து அடி என்று கூறவில்லை. பேச்சு மாறிய பின் மீண்டும் அவர்களுடன் அமர்வதற்கும் அதில் இடம் இருக்கிறது. மனித உறவைத் துண்டிக்காமலே மார்க்கத்தின் மானத்தைக் காக்கும் வழி இதுவன்றோ? வீணானவற்றைச் செவியுற்றால், எங்கள் செயல் எங்களுக்கு, உங்கள் செயல் உங்களுக்கு என்று ஸலாம் கூறி விலகுவோரையே இருபத்தெட்டாம் அத்தியாயம் புகழ்கிறது.

இரண்டாவது: "நமக்குத் தெரியும், நாம் ஏமாற மாட்டோம். ஆனால் அறியாத நம் ஏழை மக்கள் மயங்கிவிடுவார்களே!" இதைக் கூறுவோரை நாம் ஒன்று கேட்கிறோம். அந்த ஏழை மக்கள் அறியாதவர்களாய் இருப்பது யாருடைய குற்றம்? ஒரு துண்டுக் காகிதத்தால் ஆட்டம் காணும் ஈமானை அவர்களுக்கு வழங்கியவர்கள் நாம்தாமே? மக்தபில் பொருள் தெரியாமல் ஓதவைத்து, பத்து வயதில் அனுப்பிவிட்டு, நாற்பது வயதில் அவர் காகிதத்தைக் கண்டு மயங்குகிறார் என்றால், கிழிக்கப்பட வேண்டியது அக்காகிதமா, நம் பாடத்திட்டமா? நோயுற்றவருக்கு மருந்தும், கடன்பட்டவருக்குக் கைமாற்றும், விதவைக்கு ஆறுதலும் நம் மஹல்லாவில் கிடைத்தால், அவர் வேறொரு வாசலில் ஏன் நிற்கப் போகிறார்? பைத்துல்மால் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு, தெருவில் நிற்பவர் மீது கல் எறிவது எவ்வகை மார்க்கப்பற்று?

நம் முன்னோர் இப்படிச் செய்யவில்லை. வட இந்தியாவில் ஃபாண்டர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார், 'மீஸானுல் ஹக்' என்னும் நூலை எழுதி, இஸ்லாத்தை மறுத்துப் பரப்புரை செய்துவந்தார். அவரை எதிர்கொண்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் அந்நூலைக் கிழித்தெறியவில்லை. அதைப் படித்தார்கள். ஆங்கிலம் அறிந்த டாக்டர் வஸீர் கானின் துணையுடன் ஐரோப்பியர் எழுதிய பைபிள் ஆராய்ச்சிகளையும் தெரிந்துகொண்டார்கள். கடிதம் எழுதி, நிபந்தனைகள் பேசி, 1854 ஏப்ரலில் ஆக்ராவில் இரண்டு நாட்கள் மக்கள் முன்னிலையில் அப்பாதிரியாருடன் விவாதித்தார்கள். பின்னர் 'இஸ்ஹாருல் ஹக்' என்னும் பெருநூலை எழுதினார்கள். மக்காவில் மத்ரஸா ஸவ்லதிய்யாவை நிறுவினார்கள். அது ஆங்கிலக் கும்பெனி ஆண்ட காலம். நாடும் அதிகாரமும் கைவிட்டுப் போன காலம். கல்லெடுப்பதற்குக் காரணம் வேண்டுமாயின் அன்று நிறைய இருந்தது. ஆயினும் அவர்கள் எடுத்தது நூலை.

மூன்றாவது: "நாம் அவர்கள் தெருவில் போய் நின்று பேசினால் விடுவார்களா?" இது வணிகனின் கணக்கு, முஃமினின் கணக்கன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது ஐந்தாம் அத்தியாயத்தின் எச்சரிக்கை. அவர்கள் நேர்மையாக நடந்தால் நாமும் நடப்போம் என்று அங்கே நிபந்தனை இடப்படவில்லை.

நான்காவது: "ஒலிபெருக்கி வைத்துக் காது கிழியக் கத்துகிறார்களே?" இதில் நியாயம் உண்டு. எவர் கத்தினாலும் அது தொல்லையே. ஆனால் அதற்கு வழி சட்டம். சென்னையில் ஒரு கிறிஸ்தவச் சபையின் ஒலிபெருக்கிக்கு எதிராக அப்பகுதிக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியே வழிபட வேண்டும் என எந்தச் சமயமும் கூறவில்லை என்று அந்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அச்சபைக்கு மட்டும் உரியதன்று என்பதையும், நம் பள்ளிவாசல் மினாராக்களுக்கும் மீலாது மேடைகளுக்கும் உரியது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இக்குறையைப் பேசுவது நல்லது.

யாருடைய உரிமை?

தெருவில் நிற்கும் அம்மனிதரின் உரிமையைக் காப்பது, நம் உரிமையைக் காப்பதேயாகும். நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, சமயத்தை நம்பவும் பின்பற்றவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. அந்தப் 'பரப்பவும்' என்னும் சொல் எளிதில் வந்துவிடவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதன்மீது கடும் விவாதம் நடந்தது. சமயத்தைத் தனியே பின்பற்றினால் போதும், பரப்புதல் வேண்டாம் எனத் திருத்தம் கொண்டுவந்தவர் பீகாரைச் சார்ந்த தஜம்முல் ஹுசைன் என்னும் முஸ்லிம் உறுப்பினர்! அச்சொல்லை ஆதரித்துப் பேசியவர்களுள் ஒருவர் நம் தமிழகத்தைச் சார்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் பல்லாண்டு பயின்ற தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்று அவர் எடுத்துரைத்தார். அந்த இந்து அன்பர் வாதாடிக் காத்த சொல்லின் நிழலில்தான் இன்று நம் தப்லீக் ஜமாஅத்தார் ஊர் ஊராய்ச் செல்கின்றனர்; நம் இயக்கத்தார் தெருமுனைப் பிரச்சாரம் செய்கின்றனர்.

1981-இல் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடெங்கும் எழுந்த கூக்குரலை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேட்பதும் ஏற்பதும் அவரவர் உரிமை என்று அன்று நாம் வாதிட்டோம். 2002-இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, கிறிஸ்தவர்களோடு தோளோடு தோள் நின்று எதிர்த்தோம். இரண்டு ஆண்டுகளுக்குள் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. மேடையில் தோளோடு தோள் நின்ற அம்மனிதரையே பேருந்து நிலையத்தில் நம் பிள்ளை எள்ளி நகையாடுகிறான் என்றால், நாம் அன்று பேசியது உரிமையா, வெறும் தேவையா?

ஏளனத்துக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்பதை நாம் அறியாதவர்களும் அல்லர். 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களைக் காரணம் காட்டி, கொரோனாவைப் பரப்பியோர் எனத் தாடியும் பையும் உள்ளவர்கள் மீதெல்லாம் பழி சுமத்தப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அதில் கலந்துகொண்ட வெளிநாட்டவர் சிலர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் பலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக்கூடும் எனவும் கருத்துரைத்தது. ஆனால் அதற்கு முன்னரே எத்தனை படங்கள், எத்தனை கேலிச் சித்திரங்கள், எத்தனை பொய்ச் செய்திகள் கைபேசிகளில் உலவின! அப்போது நம் நெஞ்சு எரிந்ததன்றோ? அந்த எரிச்சலை அறிந்தவன் இன்னொருவரைப் படம் பிடித்து உலவவிடலாமா?

நம் வீட்டு வாசலில்

பிற சமயத்தவரிடம் மட்டுமா இந்நடத்தை? நம் சொந்தச் சகோதரர்களை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதையும் பார்ப்போம். அஸருக்குப் பின் தப்லீக் ஜமாஅத்தார் ஐந்தாறு பேர் கஷ்த் வருகின்றனர். அவர்கள் கேட்பது பொருளன்று. பள்ளிவாசலுக்கு வாருங்கள் என்பதே. தெருமுனையில் தலை தெரிந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தொலைக்காட்சியின் ஒலி குறைகிறது. கதவு மெல்லச் சாத்தப்படுகிறது. குழந்தையை வாசலுக்கு அனுப்பி, "அத்தா வீட்டுல இல்ல" என்று சொல்லச் சொல்கிறோம். உள்ளே அமர்ந்திருக்கும் தந்தைக்காக வாசலில் நின்று பொய்யுரைக்கும் அக்குழந்தை அன்று கற்ற பாடம் என்ன? "இன்று வர இயலாது, எனக்காக துஆச் செய்யுங்கள்" என்று முகம் கொடுத்துக் கூறினால் அவர்கள் என்ன செய்துவிடப் போகின்றனர்?

நம்முள் தெருமுனையில் பேசுவோருக்கும் ஒரு சொல் உண்டு. நீங்கள் பேசும்போது மக்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள் எனின், குற்றம் முழுவதும் ஜன்னலுடையதன்று. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் மென்மையான சொல்லைக் கூறும்படி இறைவன் கட்டளையிட்டான். நீங்கள் மூஸா நபியினும் சிறந்தவர் அல்லர். எதிர்வீட்டுக்காரர் ஃபிர்அவ்னினும் கொடியவர் அல்லர். பிற மக்கள் வணங்குபவற்றை ஏசாதீர்கள், ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள் என்னும் ஆறாம் அத்தியாயத்து வசனத்தை மேடையேறும் முன் ஒருமுறை ஓதிக்கொள்ளுங்கள். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுவோரையே பெயர் சொல்லிப் பழித்துவிட்டு, அவர்கள் திரும்பிக் கூச்சலிட்டால் அதைச் சத்தியத்துக்கு நேர்ந்த சோதனை என்று கூறிக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டுவது

அப்படியாயின் தெருவில் ஒருவர் நின்று பேசக் கண்டால் என்ன செய்யலாம்? இதற்குப் பெரும் கல்வி வேண்டியதில்லை. நேரமிருந்தால் நின்று கேளுங்கள். நேரமில்லையேல் அமைதியாகச் செல்லுங்கள். பிரதியை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது "வேண்டாம் ஐயா" என்று முகம் சுளிக்காமல் கூறுங்கள். வாங்கியதைக் கிழிக்காதீர்கள். மறுப்பு இருந்தால், கற்றவராயின் அழகிய முறையில் கேளுங்கள். கல்லாதவராயின் கற்றவரிடம் வந்து கேளுங்கள். கூட்டம் சேர்த்து ஒருவரை மடக்குவது விவாதமன்று, அது வேட்டை. பணம் காட்டியோ, நோயைப் பயன்படுத்தியோ, பெற்றோர் அறியாமல் பிள்ளைகளை அழைத்தோ எவரேனும் ஆள் சேர்த்தால், அதை ஜமாஅத்தாரிடமும் காவல்துறையிடமும் முறைப்படி கூறுங்கள். படம் பிடிப்பதாயின் உங்கள் தாயின் முன் அதைப் போட்டுக் காட்ட முடியுமா என எண்ணிப் பாருங்கள்.

இதைப் பிறருக்குக் கூறும் முன் நாமும் செய்ய வேண்டியிருந்தது. சில வாரங்களுக்குப் பின் அதே பேருந்து நிலையத்துக்குச் சென்றோம். அப்பெரியவர் அதே தூணருகே நின்றிருந்தார். "அன்று உங்கள் பிரதியைக் கிழித்தவன் எங்கள் பிள்ளை. எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் சற்று யோசித்தார். "எந்தப் பிள்ளைன்னு ஞாபகம் இல்லீங்களே ஐயா. தினமும் யாராவது கிழிக்கத்தான் செய்றாங்க" என்றார். அதைக் குறையாகக் கூறவில்லை. வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் கூறுவதுபோல் கூறினார். நம்மிடமும் ஒரு பிரதியை நீட்டினார். வாங்கிப் படித்தோம். ஈஸா (அலை) அவர்கள் இறைவனின் தூதர், இறைமகன் அல்லர் என்னும் நம் நம்பிக்கையை அவரிடம் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையசைத்து மறுத்தார், தம் நம்பிக்கையைக் கூறினார். நாமும் கேட்டோம்; மறுத்தோம். பேருந்து வந்தது. இருவரும் கும்பிட்டும் ஸலாமிட்டும் பிரிந்தோம். அவர் நம்பிக்கையும் அழியவில்லை. நம் ஈமானும் குறையவில்லை.

இறுதியாக, தாயிஃபை நினைவூட்டி முடிக்கிறோம். அவ்வூர்த் தலைவர்கள் பெருமானாரின் அழைப்பை எள்ளி நகையாடினர். பின்னர் சிறுவர்களையும் அடிமைகளையும் ஏவிவிட்டனர். அவர்கள் வழியின் இருமருங்கும் நின்று கல்லெறிந்தனர். உடன் சென்ற ஸைத் (ரலி) அவர்கள் தம் உடலால் தடுத்துத் தலையில் காயமுற்றார்கள். குருதி வழியும் கால்களுடன் அண்ணலார் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கினார்கள். அப்போது ஒரு தட்டில் திராட்சைக் குலையை ஏந்தி வந்தவர் அத்தாஸ் என்னும் அடிமை. அவர் நீனவா ஊரைச் சார்ந்த கிறிஸ்தவர். பெருமானார் இறைவன் திருப்பெயர் கூறி உண்ணத் தொடங்கியதும் அவர் வியந்தார்; வினவினார்; யூனுஸ் நபியைப் பற்றிய பேச்சைக் கேட்டார்; அண்ணலாரின் தலையிலும் கையிலும் காலிலும் முத்தமிட்டார்.

அந்த நாளில் தாயிஃபின் தெருவில் இரண்டு வகையினர் இருந்தனர். கேளாமலே கல்லெறிந்தவர்கள் ஒருபுறம். ஒரு தட்டுத் திராட்சையுடன் வந்து நின்று கேட்டவர் மறுபுறம். தெருவில் ஒருவர் நின்று பேசும்போதெல்லாம் நாமும் நம் பிள்ளைகளும் இவ்விரு வகையினருள் ஒருவராகிறோம். நம் நபிக்குத் திராட்சை ஏந்தி வந்த பக்கத்தில் நிற்கப் போகிறோமா, கல் பொறுக்கிய பக்கத்தில் நிற்கப் போகிறோமா? பெற்றோர்களே, இன்றிரவு உணவுக்கு அமரும்போது உங்கள் பிள்ளைகளிடம் இவ்வினாவைக் கேளுங்கள்.

சொல்லைச் செவியேற்று, அதில் அழகானதைப் பின்பற்றும் நன்மக்கள் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.